புரட்டாசி பொறக்கறதுக்குள்ள: வேலூர் பக்கம் அஞ்சு நாள் கறி டைரி

நாள் 1, புதன், வேலூர்

காட்பாடியில ரயில் எறங்கி அம்மாவுக்கு போன் பண்ணா எடுத்ததும் முதல் கேள்வியே "எத்தினி நாள் இருப்ப, திங்கக்கெழமை புரட்டாசி பொறக்குது, தெரியும்ல" தான். எங்க வீட்ல புரட்டாசின்னா முட்டை கூட வாசல் தாண்டாது, கறி சட்டி எல்லாம் புளி போட்டு தேச்சு பரண்ல ஏறிடும், அதனால கையில இருக்கறது ஞாயித்துக்கெழமை ராத்திரி வரைக்கும்தான்.

எதுக்கு இந்த திடீர் ட்ரிப்னு சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல ஒரு பையன் வியட்நாம் போயிட்டு வந்து தவளை சாப்ட்டேன் முதலை சாப்ட்டேன் பாம்பு சாப்ட்டேன்னு ஒரு வாரமா கதை, சரிடா எப்டி இருந்துச்சுன்னு கேட்டா "கோழி மாதிரி இருந்துச்சு ப்ரோ". தவளை? கோழி மாதிரி. முதலை? அதுவும் கோழி மாதிரி. டேய் அப்போ நீ ஃப்ளைட் டிக்கெட் போட்டதுக்கு பதிலா அரை கிலோ பிராய்லர் வாங்கியிருக்கலாமேடா. எனக்கு ஒரு சந்தேகம், நாம எதை வாங்கினாலும் அதே செவப்பு மசாலாவுல பொரட்டி எண்ணெயில போட்டுட்டு அப்புறம் எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுன்னு சொல்றோம், அது கறியோட தப்பு இல்ல. அதனால இந்த தடவை ஒரு ரூல், எங்க போனாலும் ஒரே ஒரு துண்டு உப்பு மட்டும் போட்டு கேட்டு வாங்கி சாப்டறது, அதுக்கப்புறம் அவங்க ஸ்டைல்ல எப்டி வேணா குடுக்கட்டும்.

முதல் நாள் ஈசியா ஆரம்பிக்கலாம்னு சத்துவாச்சாரியில தெரிஞ்ச கறிக்கடைக்கு போயி "பாய், சுவரொட்டி இருக்குதா"ன்னு கேட்டேன். "இன்னா தம்பி, வீட்ல யார்னா பிள்ளத்தாச்சி கீறாங்களா?" ஏன்னா சுவரொட்டி வாங்கறவங்கள்ல பாதி பேர் ரத்தம் கம்மியா இருக்கற பொண்ணுங்களுக்காகத்தான் வாங்குவாங்க. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் இருக்கும், அதோட மண்ணீரல், உள்ளங்கை நீளத்துல கருஞ்செவப்பா நாக்கு மாதிரி, செவுத்துல வீசினா ஒட்டிக்கும்னுதான் அந்த பேருன்னு சொல்லுவாங்க, நான் வீசிப் பாத்ததில்ல, அம்மா இருக்கற வீட்ல அந்த ஆராய்ச்சி எல்லாம் நடக்காது.

பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியில குத்தி கேஸ் அடுப்புலயே வாட்டினேன். மேல் தோல் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு டப்புன்னு ஒரு சத்தம், அப்போ எறக்கிடணும், இன்னும் ஒரு நிமிஷம் விட்டா ரப்பர். உப்பு மட்டும் தொட்டு ஒரு கடி. ஈரல்ல ஒரு மாவுத்தன்மை வருமே, தொண்டையில அடைக்குமே, அது இதுல சுத்தமா இல்ல, உள்ள ஈரமான கேக் மாதிரி உதிருது, கடைசியில சின்ன வயசுல ஆணியை வாயில கவ்விக்கிட்டு நின்னா ஒரு ருசி வருமே அந்த இரும்பு ருசி. பாக்கியை அம்மா பிடுங்கி மெளகு சீரகம் தூவி எனக்கே குடுத்தாங்க, அவங்க தொடல. அம்மாவுக்கு ஆடு, கோழி, மீன் இதோட லிஸ்ட் முடிஞ்சுது, மிச்சதெல்லாம் "கண்ட கருமம்".

நாள் 2, வியாழன், ஆம்பூர்

"எங்க கெளம்பிட்ட?" "ஆம்பூர்மா." "பிரியாணிக்கா?" "ஆமா." அதுக்கு மேல அம்மா கேக்கல, நானும் எந்த பிரியாணின்னு சொல்லல, இந்த விஷயத்துல எங்களுக்குள்ள பல வருஷமா ஒரு ஒப்பந்தம் மாதிரி.

வேலூர்ல இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ல ஒரு தூக்கம். காலேஜ்ல கூட படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் இங்க ஷூ கம்பெனியில இருக்கான், ஊரே தோல் ஊர்தானே. அவன்கிட்ட ஆட்டு பிரியாணி வேணாம்டா, மாட்டுக்கறியில நான் இதுவரைக்கும் சாப்டாத பார்ட் எதாவது காட்டுன்னு சொன்னேன். மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்குள்ள கூட்டிட்டு போனான், போர்டு கூட இல்லாத கடை, நாலு பெஞ்சு, பதினோரு மணிக்கே கூட்டம்.

இந்த ஊர் பிரியாணி பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பாஸ்மதி கெடையாது, சீரக சம்பா, பச்ச மெளகா இல்லாம காஞ்ச மெளகாவை ஊற வெச்சு அரைச்ச விழுது, தயிர், மசாலா வாசனை மூக்குல குத்தாது. ஆற்காடு நவாப் சமையக்கட்டுல இருந்து வந்த கைப்பக்குவம்னு சொல்லிக்குவாங்க. கூட புளிப்பா எண்ணெய் கத்திரிக்கா, நம்ம ஜில்லா எலவம்பாடி முள்ளு கத்திரிக்காவா இருந்தா இன்னும் விசேஷம், அதுக்கு புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க.

சரி மேட்டருக்கு வரேன். நாக்கு. மாட்டு நாக்கு. கடைக்காரர் முழுசா எடுத்து காட்டினார், நான் நெனச்சத விட பெருசு, முழங்கையில பாதி நீளம், மேல சொரசொரன்னு வெள்ளைத் தோல். அதை ரொம்ப நேரம் வேக வெச்சு சூடா இருக்கும்போதே அந்த தோலை உரிச்சிடணும், ஆறிட்டா ஒட்டிக்கும் அப்புறம் கத்தி வெச்சு சீவணும்னு சொன்னார். உரிச்சப்புறம்தான் உள்ள இளஞ்செவப்பா கறி. "பாய், எனக்கு ஒரு துண்டு மசாலா இல்லாம வெறும் உப்புல"ன்னு கேட்டதுக்கு அவர் என் ஃப்ரெண்டை பாத்து "இன்னாபா, ஒடம்பு சரியில்லையா இவருக்கு?" ன்னு கேட்டார்.

அந்த துண்டு இருக்கே. தொடைக்கறியில நார் நாரா பிரியும்ல, இதுல நார் இருக்கறதே தெரியல, பல்லு தானா உள்ள எறங்குது, கொழுப்பு தனியா நிக்காம கறியோடயே கலந்திருக்கு, வாசனை கூட மாட்டுக்கறி வாசனையில பாதிதான். கண்ண மூடிக்கிட்டு குடுத்தா நான் இதை நல்லியில இருந்து எடுத்த கொழுப்புன்னுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் அதையே மெளகு போட்டு சுக்காவா குடுத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உப்பு துண்டுக்கு பக்கத்துல வரல. மூளை வறுவலும் வாங்கினோம், இங்க பேஜான்னு சொல்றாங்க, அது முட்டை பொடிமாஸுக்கு பணக்கார சொந்தம் மாதிரி, அவ்ளோதான், நாலு வாய்க்கு மேல எனக்கு தெவட்டிடுச்சு.

ஃப்ரெண்ட் ஒரு விஷயம் ஞாபகப்படுத்தினான். 2022 மே மாசம் இங்க மூணு நாள் பிரியாணி திருவிழான்னு மாவட்ட நிர்வாகம் அறிவிச்சாங்க, ஆனா பீஃப் பிரியாணி கெடையாதுன்னாங்க, எதிர்ப்பு கெளம்பினதும் மழைன்னு சொல்லி திருவிழாவையே தள்ளி வெச்சுட்டாங்க. "எங்க ஊர்ல திருவிழா தெனமும் பதினோரு மணிக்கு நடக்குது மச்சி, நீ சாப்டு"ன்னான். பெஞ்சுல எங்களுக்கு எதிர்ல இருந்த ஒரு லோடுமேன் அண்ணன் இலையை வழிச்சு சாப்ட்டுட்டு எழுந்து போனார், அவருக்கு நான் ஃபோட்டோ எடுக்கற இந்த நாக்கு மத்தியானச் சோறு, அவ்ளோதான்.

நாள் 3, வெள்ளி, குடியாத்தம்

அத்தை வீடு. அத்தை பையன், என் மச்சான், பைக்ல ஊருக்கு வெளிய ஒரு பண்ணைக்கு கூட்டிட்டு போனான், மொயலும் காடையும் வளக்கறாங்க, ஆர்டர் பண்ணா அங்கயே சமைச்சு குடுப்பாங்க.

போற வழியில ஒரு சின்ன சம்பவம். டீக்கடையில நாங்க பேசிக்கிட்டிருந்ததை கேட்டுட்டு ஒரு ஆளு பக்கத்துல வந்து மெதுவா "கௌதாரி கீது சார், காட்டு மொயல் கூட சொல்லி வெச்சா வரும், உடும்பு வேணும்னா நாளைக்கு"ன்னான். வேணாம்ணான்னு சொல்லிட்டு டீயை பாதியில வெச்சிட்டு கெளம்பிட்டோம். அதெல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல இருக்கற உயிர், உடும்புக்கு புலிக்கு குடுக்கற அதே உச்ச பாதுகாப்பு, மாட்டினா ஜெயில்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க தாத்தா காலத்துல வயலுக்கு போனா கௌதாரி சத்தம் காதை அடைக்கும்னு சொல்லுவாரு, நான் என் மொத்த வாழ்க்கையில நாலஞ்சு தடவைதான் கேட்டிருப்பேன், அதையும் நான் வறுத்து தின்னுட்டு ஸ்டேட்டஸ் போடணுமா.

பண்ணையில இருக்கற காடை ஜப்பான் காடை, அது வேற, அஞ்சாறு வாரத்துல இருநூறு கிராம் வந்து கறிக்கு ரெடி ஆயிடும். காடைக்கு உப்பு துண்டு டெஸ்ட் வெச்சப்போ ஒரு ஆச்சரியம், மார்க்கறி கூட கருப்பா இருக்கு, கோழியோட நெஞ்சுக்கறி மாதிரி பஞ்சா இல்ல, ஈரல் ஓரத்துல வர்ற மாதிரி ஒரு லேசான கனம். எலும்பை துப்ப வேண்டியதில்ல, மொறுமொறுன்னு அப்டியே உள்ள போயிடுது. ஆனா அங்க இருந்த மாஸ்டர் மிச்ச எட்டையும் அதே 65 மசாலாவுல போட்டு எடுத்துட்டு வந்தார், மச்சான் ஒண்ணு சாப்ட்டுட்டு "கோழி மாதிரியே கீது மச்சான்" ன்னான். எனக்கு வந்துச்சே கோவம்.

மொயல் எனக்கு ஏமாத்தம்னுதான் சொல்லணும். வெள்ளை வெளேர்னு கறி, கொழுப்புங்கறதே கெடையாது, அதனாலதான் டாக்டருங்களுக்கு பிடிக்குது எனக்கு பிடிக்கல, கொஞ்சம் விட்டா வறண்டு போயிடுது. உப்புல ஒரு இனிப்பு தெரிஞ்சுது, அது மட்டும் ப்ளஸ். மூடி போட்டு நல்லெண்ணெய் தாராளமா விட்டு சின்ன வெங்காயத்தோட வேக வெச்சா நல்லா வரும்னு தோணுது.

ராத்திரி அத்தை வீட்டு திண்ணையில உக்காந்து இதெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா மாமா திடீர்னு "நான் ஈமு சாப்ட்டிருக்கேன்டா" ன்னார். மொத்த குடும்பமும் கப்சிப். ஈமு பேச்சு அந்த வீட்ல எடுக்கக்கூடாது. பதிமூணு பதினாலு வருஷத்துக்கு முன்னாடி பணம் கட்டினா குஞ்சு தருவோம் தீவனம் தருவோம் மாசாமாசம் காசு தருவோம்னு ஒரு கம்பெனிக்காரன் சொன்னதை நம்பி மாமா அத்தை நகையை வெச்சு கட்டிட்டாரு, 2012-ல அந்த பிசினஸே தமிழ்நாடு பூரா கவுந்துச்சே ஞாபகம் இருக்கா, அப்போ காசு போச்சு, தோட்டத்துல ரெண்டு பறவை மட்டும் நின்னுச்சு. ஆள் உயரம். தீவனம் வாங்க காசில்ல, விக்கவும் ஆள் இல்ல. கரும்பச்சையா ஒரு முட்டை போட்டுச்சாம், அதை அத்தை இன்னும் ஷோகேஸ்ல வெச்சிருக்காங்க. கடைசியில ஒரு நாள் நாலு பேரை கூட்டி அறுத்துட்டாங்க.

"எப்டி மாமா இருந்துச்சு?"

"பறவைன்னு சொன்னா நம்ப மாட்ட. செவப்பா மாட்டுக்கறி மாதிரி இருந்துச்சு, கொழுப்பே இல்ல. ஒரு கிலோ எனக்கு எத்தினி ரூபா ஆச்சுன்னு கணக்கு போட்டு கணக்கு போட்டு சாப்ட்டேன், ருசி எங்க தெரியுது."

அத்தை உள்ள இருந்து "தூங்குங்க எல்லாரும்" னாங்க.

நாள் 4, சனி, ஆற்காடு பக்கம்

இந்த ட்ரிப்பே இதுக்காகத்தான். பெரியப்பா நெலத்துல சொர்ணவாரி போக நெல்லு அறுப்பு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, வரப்பு பூரா எலி வளை, பக்கத்து ஏரிக்கரை இருளர் குடும்பம் ஒண்ணு எலி பிடிக்க வராங்கன்னு சொல்லியிருந்தார். நம்ம ஆளுங்களுக்கு இருளர்னாலே பாம்பு ஞாபகம்தான் வரும், செங்கல்பட்டு பக்கத்துல இருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரும் பாம்பு பிடிக்கற வித்தைக்கே 2023-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. ஆனா வயல்காரனுக்கு அவங்க எலிக்குத்தான் வேணும், வேலை முடிஞ்சா தண்ணி கூட திண்ணைக்கு கீழதான் வரும், எங்க பெரியப்பா வீட்லயும் அப்டித்தான், இதை எழுதாம விட்டா நான் பொய் எழுதறேன்னு அர்த்தம்.

வந்த தாத்தாவுக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும், கூட அவர் மக, ஒரு பேரன். முதல் வேலையா பெரியப்பாவை பாத்து "மருந்து வெச்சீங்களா?" ன்னு கேட்டார். இந்த போகத்துல எலி மருந்து வெக்கலைன்னு உறுதியா தெரிஞ்சப்புறம்தான் கடப்பாரையை கையில எடுத்தார், வெச்சிருந்தா தொட மாட்டாராம். அப்புறம் வரப்பு மேல நடந்துக்கிட்டே வளையை பாக்கறார், எனக்கு எல்லா ஓட்டையும் ஒண்ணாதான் தெரிஞ்சுது, அவர் "இது பழசு, இது நண்டு, இது இருக்குது" ன்னு சொல்லிக்கினே போறார், புது மண்ணு ஈரமா வெளிய தள்ளியிருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அவர் மக, அந்த அக்கா, சுத்தி இருக்கற மத்த ஓட்டையெல்லாம் சேத்தை வெச்சு அடைச்சிட்டாங்க. ஒரு மண் பானை, அடியில சின்ன ஓட்டை, உள்ள வைக்கோலும் பச்சை தழையும் போட்டு நெருப்பு வெச்சு, பானை வாயை வளையில அழுத்திட்டு அந்த அடி ஓட்டையில வாயை வெச்சு ஊதறார், புகை மொத்தமும் உள்ள போவுது. அரை மணி நேரத்துல அவர் கண்ணு ரத்தச் செவப்பு. அப்புறம் தோண்டினா மயங்கின எலிங்க ஒவ்வொண்ணா வருது, ஒரு வளையில அஞ்சு. அதுக்கும் உள்ள ஒரு அறை, அதுல கதிர் கதிரா அடுக்கி வெச்சிருக்கு, உதிர்த்து அளந்தா ரெண்டு படி நெல்லு தேறும். அது அவங்களுக்கு. "அது சேத்து வெச்சுது, நாங்க எடுத்துக்கறோம்" னு அக்கா சிரிச்சாங்க.

வேலூர்ல நர்ஸா இருக்கற என் தங்கச்சி முன்னாடியே போன்ல பயமுறுத்தியிருந்தா, எலி மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில வெட்டுக்காயம் இருந்தா தொடாத, நல்லா வேகாம வாயில வெக்காதன்னு. அதனால நான் சுத்தம் பண்ற எதுலயும் கை வெக்கல, வேடிக்கைதான். வைக்கோல் தீயில முடியெல்லாம் பொசுக்கி, கத்தியில சொரண்டினா வழவழன்னு மஞ்சளா வருது, வாலும் தலையும் குடலும் எடுத்துட்டு நல்லா கழுவி, உப்பும் மஞ்சளும் தேச்சு திரும்ப தணல்ல. நான் உப்பு துண்டு கேக்கவே வேண்டியதில்ல, அவங்க சாப்டறதே அப்டித்தான்! மூணு நாளா ஹோட்டல் ஹோட்டலா நான் கெஞ்சி வாங்கினது இங்க சாதாரணமா இலையில வந்து உக்காந்திருக்கு.

கையில எடுத்து ஒரு நிமிஷம் அப்டியே பாத்துக்கிட்டே இருந்தேன், பொய் சொல்லல, வயிறு ஒரு தடவை பொரண்டுச்சு, வீட்டு பாத்ரூம்ல ஓடற எலி கண்ணு முன்னாடி வந்துச்சு. பேரன், ஏழெட்டு வயசு, என்னையே பாத்துட்டு "அண்ணா, காலு மொதல்ல சாப்டு, அதான் நல்லாருக்கும்" னான். சாப்ட்டேன்.

கோழி இல்ல. சத்தியமா கோழி இல்ல. மொயலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு சொல்லலாம், ஆனா மொயல்ல இல்லாத ஒரு மெல்லிசான கொழுப்பு தோலுக்கு கீழ இருக்கு, அது தணல்ல உருகி தோல் மொறுமொறுன்னு ஆகி, உள்ள கறி கருஞ்செவப்பா, கடிச்சா முதல்ல வைக்கோல் புகை, அப்புறம் ஒரு இனிப்பு, அந்த இனிப்பு கறி இனிப்பு மாதிரியே இல்ல, பச்சை நெல்லை உரிச்சு மென்னா பால் மாதிரி வருமே அதோட சாயல். நெல்லு வயல்லயே நெல்லைத் தின்னு வளந்தது, பின்ன எப்டி இருக்கும். மூணு சாப்ட்டேன். நாலாவது கேக்க கூச்சமா இருந்துச்சு, அவங்க ராத்திரி சாப்பாடு அது.

சாயங்காலம் ஒரு மழை, முக்கா மணி நேரம் நல்லா அடிச்சு விட்டுது. தாத்தா வானத்தை பாத்துட்டு "தம்பி ஊருக்கு போவாத, ஈசல் வரும்" னார். புத்துக்கு பக்கத்துல ஒரு சின்ன குழி, மேல குச்சி நட்டு பழைய பொடவையை போத்தி, குழி ஓரமா ஒரு விளக்கு, முன்னல்லாம் எண்ணெய் விளக்கு இப்போ சார்ஜர் லைட். எட்டு மணி சுமாருக்கு புத்துல இருந்து பொலபொலன்னு கொட்டுது பாருங்க, எத்தினி ஆயிரமோ, வெளிச்சத்துக்கு பறந்து வந்து பொடவையில முட்டி குழியில விழுந்துக்கினே இருக்கு. அள்ளி சட்டியில போட்டு எண்ணெய் இல்லாம வறுத்தா றெக்கை எல்லாம் தனியா உதிர்ந்துடும், முறத்துல போட்டு அக்கா ரெண்டு பொடை பொடைச்சாங்க, றெக்கை பறந்து போச்சு, மிச்சது அரிசி சைஸ்ல பழுப்பா. வறுத்த அரிசியோட கலந்து ஒரு கை. வெண்ணெய் வறுபட்ட வாசனை, வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு லேசான துவர்ப்பு, அடியில எங்கயோ கருவாட்டுக் கடை எறாத்தூள். எறா ஒத்துக்காதவங்க ஈசலும் தொடாதீங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான் ஒடம்புல வேலை காட்டும். நெறைய தின்னா வயித்தை கலக்கும்னு தாத்தாவே சொன்னார், சொல்லிட்டு என்னை விட அதிகமா தின்னார். ஒரு எவர்சில்வர் டப்பா நெறைய கட்டி குடுத்தாங்க, காசு குடுத்தப்போ எலிக்கு வாங்கிக்கிட்டாங்க, ஈசலுக்கு வாங்கல.

நாள் 5, ஞாயிறு, ஆலங்காயம், திரும்ப வீடு

ஜவ்வாது மலை அடிவாரத்துல ஞாயித்துக்கெழமை பன்னிக்கறி. காவலூர் வானோக்கு நிலையம் பக்கம்தான், ராத்திரி தங்கி நட்சத்திரம் பாக்கலாம்னு பிளான் இருந்துச்சு, வானம் பூரா மேகம், விட்டுட்டேன். வெண்பன்னி, தோலோட வெட்டி குடுக்கறாங்க, கறி ஒரு அடுக்கு கொழுப்பு ஒரு அடுக்கு தோல் ஒரு அடுக்கு. உப்பு துண்டுல கொழுப்பு நெய் மாதிரி வழியுது. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நேத்து எலி சாப்ட்ட நாக்கு இன்னும் இங்க வந்து சேரல போல, மனசு ஒட்டல. பஸ்ஸைப் பிடிச்சு ஏழு மணிக்கு வீடு.

அம்மா ஏற்கனவே வீட்டை கழுவி விட்டாச்சு, அடுப்பு மேடை பளபளங்குது, கறி சட்டி பரண்ல. பேக்ல இருந்து டப்பாவை எடுத்து எங்க ஒளிக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தப்போ பின்னாடி வந்து நின்னுட்டாங்க.

"இன்னாடா அது?"

"ஒண்ணுமில்லமா."

வாங்கி தொறந்தாங்க. நான் காதைப் பொத்திக்கலாமான்னு யோசிக்கறேன். ரொம்ப நேரம் மோந்து பாத்தாங்க.

"எங்க கெடைச்சுது? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல தின்னது. நைனா ராவுல எழுப்பி குடுப்பாரு. அரிசி செவக்கல, சரியா வறுக்கல பாரு."

பளபளன்னு கழுவி வெச்ச அடுப்பு மேல வாணலி ஏறிச்சு. பொட்டுக்கடலை கொஞ்சம், காஞ்ச மெளகா ரெண்டு, ரெண்டு சிட்டிகை உப்பு. முறத்தை மடியில வெச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்து டிவி பாத்துக்கினே ஒவ்வொண்ணா எடுத்து வாயில போட்டுக்கிட்டிருக்காங்க, நான் பக்கத்துல உக்காந்து இதை டைப் பண்ணிக்கிட்டிருக்கேன். மணி பதினொண்ணே முக்கா ஆச்சு, அம்மா, புரட்டாசி பொறக்கப் போவுதுன்னேன்.

"விடியற வரைக்கும் ஆவணிதான்" னு சொல்லிட்டு முறத்தை இன்னும் கொஞ்சம் அவங்க பக்கம் இழுத்துக்கிட்டாங்க.